மறைமொழியும் இளங்காதலும் – இளையோர் நாவலுக்கு ஒரு தமிழ்வழி

முன்னுரை

தமிழில் சிறுவர்க்குக் கதைகள் உண்டு. வளர்ந்தோர்க்கு நாவல்கள் உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வளரிளம் பருவத்தினர்க்கென்றே எழுதப்பெறும் நூல்களோ மிகக் குறைவு. மேலை மொழிகளில் அப்பருவத்தினர்க்குரிய நாவல் தனியொரு வகையாக வளர்ந்துள்ளது. அதன் கிளைகளுள் ஒன்று மாணவர் பெரிதும் விரும்பிப் படிப்பது. மறைமொழியில் எழுதப்பட்ட செய்தி ஒன்று கிடைக்கிறது. அதன் பொருளைக் கண்டறிய இளைஞன் ஒருவனும் இளம்பெண் ஒருத்தியும் முயல்கின்றனர். இடையூறுகள் பல நேர்கின்றன. அவற்றினூடே இருவரிடையே அன்பு அரும்புகின்றது. இதுவே அக்கதைகளின் பொது அமைப்பாகும்.

இத்தகைய நூல் மாணவர் கையில் இருக்கக் கண்டால் ஆசிரியர், ‘இது வெறும் பொழுதுபோக்கு’ என்பர். பெற்றோர், ‘இதில் காதல் இருக்கிறதே’ என்பர். இவ்விரு தடைகளையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மறைமொழியும் காதலும் ஒன்றற்கொன்று அயலானவை அல்ல. தமிழ் அக மரபில் அவை ஒன்றாகவே வளர்ந்தன. அவ்வகை நாவல் தமிழில் எழுதப்படுமாயின் அதற்குரிய களமும் கருவியும் நம் மதுரையிலேயே உள்ளன. இவை ஈண்டுச் சான்றுகளுடன் விளக்கப்படுகின்றன.

மறைமொழி – சொல்லும் பொருளும்

தொல்காப்பியர் ‘மறைமொழி’ என்னும் சொல்லை மந்திரம் என்ற பொருளில் ஆள்கின்றார். இக்கட்டுரையில் அச்சொல், உரியவர் மட்டும் அறியுமாறு மறைத்துச் சொல்லப்படும் செய்தி என்ற பொருளில் வழங்கப்படுகிறது. நன்னூலார் தகுதி வழக்கை மூவகையாகப் பகுத்து அவற்றுள் ஒன்றைக் குழூஉக்குறி என்பர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் நம் மாணவர் மனப்பாடம் செய்யும் எடுத்துக்காட்டுகள். ஒரு கூட்டத்தார் தமக்குள் பொருள் விளங்கவும் பிறர்க்கு விளங்காதிருக்கவும் கையாளும் சொல்லே குழூஉக்குறி. மாட்டுச் சந்தையில் துண்டினுள் கைமறைத்து விரல்பற்றி விலைபேசும் தரகரும், ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் ‘க’ சேர்த்துப் பேசி விளையாடும் சிறாரும் இவ்விலக்கணத்தை அறியாமலே அதன்படி நடப்பவர்கள்.

எனவே மறைமொழி என்பது ஒற்றர்க்கும் போர்க்களத்திற்கும் மட்டும் உரியதன்று. ‘இது உனக்கு மட்டும்’ என்பதே அதன் உயிர்ப்பொருள். காதலின் உயிர்ப்பொருளும் அதுவேயன்றோ! இவ்வொற்றுமையே இவ்வகை நாவலின் அடித்தளம்.

ஒரு பிரெஞ்சு நாவலின் தொடக்கம்

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, ஜூல் வெர்ன் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1864இல் வெளியிட்ட, பூமியின் மையத்தை நோக்கிய பயணம் பற்றிய நாவல். ஹாம்பர்க் நகரில் வாழும் பேராசிரியர் லிடன்ப்ராக் பழைய ஐஸ்லாந்து ஏடு ஒன்றை வாங்குகிறார். அதனுள்ளிருந்து ரூனிக் எழுத்தாலான துண்டுத்தாள் ஒன்று விழுகிறது. எழுத்துகளைப் பெயர்த்தெழுதியும் பொருள் விளங்கவில்லை. எழுத்துகளை இடமாற்றி மறைத்திருக்கக்கூடும் என்று கருதிய பேராசிரியர், அம்முறையைச் சோதிக்கும் பொருட்டுத் தம் மருமகன் ஆக்ஸெலை மனத்தில் தோன்றும் தொடர் ஒன்றை மேலிருந்து கீழாக எழுதச் சொல்கிறார்.

இம்முறையைத் தமிழில் விளக்கலாம். ‘நாளை மாலை வருவேன்’ என்னும் தொடரில் எட்டு எழுத்துகள் உள. அவற்றை மேலொன்று கீழொன்றாக இரண்டிரண்டாக நிறுத்தினால் நான்கு பத்திகளாகும். இனிக் குறுக்காகப் படித்தால் மேல்வரி ‘நாமாவவே’ என்றும், கீழ்வரி ‘ளைலைருன்’ என்றும் அமையும். முறை அறியாதவர்க்கு இது பொருளற்ற ஒலி. அறிந்தவரோ ஒவ்வொரு வரியின் முதலெழுத்தையும் எடுத்து, பின்னர் இரண்டாம் எழுத்துகளை எடுத்து, இவ்வாறே தொடர்ந்து செய்தியை மீட்டுவிடுவர்.

ஆக்ஸெல் தன்னை மறந்து எழுதியது யாது? பேராசிரியரின் வளர்ப்பு மகள் கிராபென் மீது தான் கொண்ட அன்பை! எழுத்துகளை ஒழுங்குபடுத்திப் படித்த பேராசிரியர் திகைக்கிறார். மறைத்திருந்த காதல் வெளிப்பட்டுவிடுகிறது. எனினும் ஏட்டின் மறைமொழியில் ஆழ்ந்திருந்த அவர் அதனை அப்பொழுதே மறந்தும் விடுகிறார். பின்னர் அத்தாளை விசிறியாகப் பயன்படுத்தும்பொழுது, அதன் பின்புறத்தில் தெரிந்த எழுத்துகளைக் கொண்டு, செய்தியைக் கடைசியிலிருந்து தலைகீழாகப் படிக்க வேண்டும் என்று கண்டறிபவனும் ஆக்ஸெலே. ஆபத்தான பயணத்திற்கு அஞ்சி அவன் தயங்கும்பொழுது, அவனுக்கு ஊக்கமளித்துச் சென்றுவரச் சொல்பவள் கிராபென்.

ஆசிரியரின் திறன் இங்கு நோக்கத்தக்கது. காதலை ஒருபுறமும் மறைமொழியை மறுபுறமும் வைத்து அவர் கதையை நடத்தவில்லை. மறைமொழியைச் சோதித்த அதே தாளில் காதல் வெளிப்படுகிறது. கூட்டிச் சேர்த்த நாவலுக்கும் இயைந்து வளர்ந்த நாவலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அகப்பாடலில் குறி

நம் அகப்பாடல்கள் இவ்வியைபை வெர்னுக்குப் பல நூற்றாண்டுகட்கு முன்பே அறிந்திருந்தன. தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடத்திற்குப் பெயரே ‘குறி’. பகலில் சந்திப்பது பகற்குறி. இரவில் சந்திப்பது இரவுக்குறி. இரவில் வரும் தலைவன் தன் வருகையை நீரில் கல்லெறிந்தும், மரத்துப் பறவைகளை எழுப்பியும் உணர்த்துவான். அவ்வொலி ஊரார்க்கு வெறும் ஓசை, தலைவிக்கோ செய்தி.

சில வேளைகளில் காற்றால் கனி ஒன்று தானே நீரில் விழும். பறவை தானே எழுந்து ஒலிக்கும். அதைத் தலைவனின் குறி என்று கருதி வந்த தலைவி ஏமாந்து திரும்புவாள். இதனை இலக்கணிகள் ‘அல்லகுறிப்படுதல்’ என்பர். உண்மையான செய்தியையும் தற்செயலான ஓசையையும் எவ்வாறு பிரித்தறிவது என்பது இற்றை நாள் செய்தித் தொடர்பு அறிஞரையும் வருத்தும் சிக்கல். அதற்குத் தனிப்பெயரிட்டு ஒரு துறையாகவே வகுத்த மொழி நம் மொழி.

சொல்லின் வழியும் மறைத்துப் பேசுவர். தலைவன் வேலிப்புறத்தே நிற்கத் தோழி தலைவியிடம் பேசுவதுபோல் பேசுவாள். செய்தி உண்மையில் அவனுக்குரியது. இதுவே சிறைப்புறம். உள்ளுறை உவமத்திலோ யானையும் வேங்கையும் நண்டும் நாரையும் புறத்தே இயங்க, மாந்தரின் செயல் அகத்தே விளங்கும். கருப்பொருள் அறிந்தவர் கையில் திறவுகோல் இருக்கும். அறியாதவர்க்கு அது இயற்கை வருணனை மட்டுமே.

இம்மறைமொழிகள் பெரும்பாலும் எதனை வேண்டி நிற்கின்றன? ‘விரைந்து வரைந்து கொள்க’ என்பதனை. வரைவு கடாதலே தோழியின் நோக்கம். மேலும், மறை என்றும் மறையாகவே இருந்துவிடுவதில்லை. உரிய வேளையில் தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையனுக்கும் உண்மையை உணர்த்துவர். இதுவே அறத்தொடு நிற்றல். மறைமொழியின் திறவுகோல் அதற்குரியவர் கையில், உரிய முறையில் ஒப்படைக்கப்படுகிறது.

மதுரை வழியில் ஒரு மடல்

மதுரைக்கு வரும் வழியிலேயே நிகழ்ந்த மற்றொரு காட்சியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கோவலன் புகாரை விட்டு நீங்கிய பின் மாதவி தந்த மடலுடன் கோசிகன் என்னும் அந்தணன் அவனைத் தேடி வருகிறான். வழிநடை வருத்தத்தால் கோவலனின் உருவம் மாறியிருந்தது. இவன்தான் அவனோ என்று கோசிகன் ஐயுறுகிறான். நேரே பெயர் சொல்லிக் கேளாமல் அருகிலிருந்த குருக்கத்திக் கொடியை நோக்கி, கோவலனைப் பிரிந்து நீயும் வாடினையோ என்ற கருத்துப்பட மொழிகிறான். குருக்கத்திக்கு மாதவி என்றும் ஒரு பெயர் உண்டு. அயலார் கேட்பினும் அது கொடியைப் பற்றிய பேச்சு. கோவலன் கேட்பினோ அவன் நெஞ்சைத் தொடும் குறிச்சொல். எதிர்பார்த்தபடியே கோவலன், ‘நீ கூறியதன் பொருள் யாது?’ என்று வினவுகிறான். ஆள் அடையாளம் தெரிந்துவிடுகிறது.

மடலை மூடியிருந்த மண்ணிலச்சினையில் படிந்த கூந்தல் நறுமணமே அதனை விடுத்தவர் யார் என்பதை அவனுக்கு உணர்த்துகிறது. படித்துப் பார்த்த கோவலன் மாதவி குற்றமற்றவள் என்று தெளிகிறான். அம்மடலின் வாசகம் தன் பெற்றோரிடம் தான் பிழைபொறுக்க வேண்டுவதற்கும் அப்படியே பொருந்துவதைக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்ப்பிக்குமாறு கோசிகனை அனுப்புகிறான். குறிச்சொல்லால் ஆளறிதல், முத்திரையால் விடுத்தவரை அறிதல், ஒரே செய்தியை இருவேறு நிலையில் படித்தல் என்னும் மூன்று மறைமொழி நுட்பங்களை இளங்கோவடிகள் ஒரே நிகழ்ச்சியில் அமைத்திருப்பது வியக்கத்தக்கது.

அல்கிந்தியும் நன்னூலும்

மறைமொழியை உடைப்பதற்குரிய கலையை முதன்முதலாக முறைப்படுத்தி எழுதியவர் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி ஆவார். மறைத்தெழுதிய செய்திகளின் பொருள் காண்பது பற்றிய அவர்தம் ஏடு பல நூற்றாண்டுகள் மறைந்திருந்து, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இஸ்தான்புல் சுலைமானிய்யா நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அவர் கண்ட வழி எளியது, ஆயினும் ஆழமானது. ஒரு மொழியில் சில எழுத்துகள் மிகுதியாக வரும். சில அரிதாக வரும். இயல்பான நூல் ஒன்றில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். மறைமொழியில் ஒவ்வொரு குறியும் எத்தனை முறை வருகிறது என்றும் எண்ண வேண்டும். இரு வரிசைகளையும் ஒப்பிட்டால் எந்தக் குறி எந்த எழுத்து என்பது புலப்படத் தொடங்கும்.

ஆங்கிலத்தில் மறைமொழிக்கு வழங்கும் ‘சைபர்’ என்னும் சொல் அரபியிலுள்ள ‘ஸிஃப்ர்’ என்பதன் திரிபு. அதன் பொருள் பூச்சியம். நம் முதியவர்கள் பூச்சியத்தைச் ‘சைபர்’ என்று வழங்குவதும் அச்சொல்லையே.

அல்கிந்தியின் முறையைத் தமிழுக்குப் பொருத்தினால் சுவையான உண்மை ஒன்று புலனாகிறது. தமிழ் எழுத்துகள் 247 என்று கேட்டு மறைமொழி அமைப்பவன் மலைக்கலாம். நன்னூல் கற்றவன் மலையான்; முதலெழுத்து 30 மட்டுமே என்பதை அவன் அறிவான். உயிர் 12, மெய் 18 ஆகியவற்றுக்குக் குறி அமைத்தால் உயிர்மெய் 216உம் அடங்கிவிடும்.

அம்மறைமொழியை உடைப்பவனுக்கும் நன்னூலே துணை. ஒரு சொல்லின் முதலில் வரும் எழுத்துகள் 22 என்கிறது இலக்கணம். எனவே பிறமொழிச் சொல் கலவாத தமிழ்ச்செய்தியில் சொல்லின் முதற்குறி டகரமோ ணகரமோ றகரமோ னகரமோ ஆகாது. சொல்லின் இறுதியில் வல்லின மெய் நில்லாது. ஒரு மெய்க்குறி தன்னோடு தானே இரட்டித்து நின்றால் அது ரகரமும் ழகரமும் அன்று. அவ்விரண்டும் தம்முன் தாம் மயங்கா. ‘அங்ஙனம்’ போன்ற சில சொற்களைத் தவிர, ஙகர மெய்க்குப் பின் வருவது ககரமே. ஆகவே ஒரு குறியைத் தொடர்ந்து எப்பொழுதும் ஒரே குறி வருமானால் அது ஙகரமாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு. அது தெளிந்தால் ககரமும் தானே தெளியும். உயிர்களுள் அகர இகர உகரங்கள் மிகுதியாக வருதலும், ஔகாரம் அரிதாக வருதலும் எண்ணிக்கைக்குத் துணைசெய்யும்.

தேர்வு முடிந்ததும் மறக்கப்படும் மொழி முதல், மொழி இறுதி, மெய்ம்மயக்கம் ஆகியவை இங்குக் கதைத்தலைவன் கையிலுள்ள கருவிகளாகின்றன. இலக்கண வகுப்பில் சோர்ந்திருக்கும் மாணவன், தன் தோழன் எழுதிய மறைமொழித் தாளொன்றை நன்னூல் கொண்டு உடைக்கும்பொழுது எழுத்ததிகாரம் உயிர்பெறுவதைக் காணலாம்.

குன்றுகள் காத்த மறைமொழி

கற்பனையை விஞ்சும் மறைமொழிக் கதை ஒன்று மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் உண்மையாகவே நிகழ்ந்தது. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்துக் குகைத்தளக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் 1837ஆம் ஆண்டிலேயே படித்து முடித்திருந்தார். எனினும் மாங்குளத்து வரிகள் பொருள் தரவில்லை. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இக்குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று எடுத்துக்காட்டினார். வடபுலப் பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்கு இங்குத் தனி வடிவங்கள் இருந்தமை அவர்க்கு வழிகாட்டிற்று.

மற்றொரு தடையும் இருந்தது. வடபுல முறையில் மெய் வடிவத்தில் அகரம் இயல்பாகவே உறைந்திருக்கும். பழந்தமிழ்ப் பிராமியிலோ மெய் வடிவம் மெய்யையே குறித்தது; அகரத்திற்குத் தனிக்கோடு இடப்பட்டது. இதனை அறியாமல் படித்தால் ‘மகன்’ என்பது ‘மாகான’ என்று ஒலிக்கும். எழுத்து தெரிந்தும் முறை தெரியாமையால் செய்தி மறைந்திருந்தது. 1965இல் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரைப் படித்தறிந்தார். கணி நந்தன் என்னும் துறவிக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தி வெளிப்பட்டது. சீவெல் கண்டதற்கும் மகாதேவன் படித்ததற்கும் இடையே 83 ஆண்டுகள்!

அழகர்மலை, ஆனைமலை, திருப்பரங்குன்றம், கீழவளவு, அரிட்டாபட்டி, விக்கிரமங்கலம் எனத் தமிழ்பிராமி பொறித்த இடங்கள் மதுரையைச் சூழ்ந்து நிற்கின்றன. தென்கிழக்கே கீழடியில் 2015 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் ஆதன் முதலிய பெயர் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. அவற்றோடு கிடைத்த கீறற்குறிகள் பலவற்றின் பொருள் இன்னும் அறியப்படவில்லை. சிந்துவெளி எழுத்தைப் படித்துத் தெளிவாக விளக்குவோர்க்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு வழங்கப்படும் என்று 2025 சனவரியில் தமிழக அரசு அறிவித்தது. மறைமொழி நாவல் எழுதுவோர் அயல்நாட்டு அரண்மனைகளைத் தேடிச்செல்ல வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

தமிழ் நாவலில்

தமிழ் நாவலும் இப்பாதையில் அடிவைக்காமல் இல்லை. தமிழின் முதல் நாவல் எனப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். பிறந்த குடும்பத்தைப் பிரிந்து அயலிடத்தில் வளரும் இளைஞன் ஒருவனின் வாழ்வையும் பயணத்தையும் கூறுவது அது. கல்கி 1950இல் தொடராகத் தொடங்கிய பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் ஓலை சுமந்து செல்லும் இளைஞன். நந்தினி தந்த பனை இலச்சினை அவனுக்குத் தஞ்சைக் கோட்டையின் வாயிலைத் திறக்கிறது. அவன் கொண்டுவந்த ஓலை குந்தவையை அவன் சந்திக்கக் காரணமாகிறது. இளையோர்க்கென்றே எழுதப்படாவிடினும் தலைமுறை தலைமுறையாக இளையோர் அதனை விரும்பிப் படிப்பதற்கு ஓலையும் இலச்சினையும் காதலும் பின்னிய இப்பின்னலே முதன்மைக் காரணம் எனலாம்.

காதல் பற்றிய அச்சம்

இனிப் பெற்றோரின் ஐயத்திற்கு வருவோம். அவ்வச்சத்தை எள்ளி ஒதுக்குவது முறையன்று. காதலை வெறும் கிளர்ச்சியாகக் காட்டும் நூல்கள் மலிந்துள்ளமை உண்மையே. ஆயினும் அதற்கு மாற்று, இளையோர் கையிலிருந்து எல்லா நாவலையும் பறிப்பதன்று. தக்க நாவலை அவர்க்கு அளிப்பதே.

மறைமொழியும் காதலும் இயைந்த நல்ல நாவல் இளையோர்க்கு இரண்டைக் கற்பிக்கிறது. ஒன்று, மறைந்துள்ளதைப் பொறுமையுடன் படித்தறியும் ஆற்றல். மற்றொன்று, பிறர் மறையைப் படிக்காமல் விடும் பண்பு. ஆக்ஸெல் எழுதிய தொடரைப் பேராசிரியர் படித்துவிட்டபொழுது நாமும் சற்றே கூசுகிறோம் அல்லவா? அக்கூச்சம் ஓர் அறக்கல்வி. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயலாகாது என்பது திருக்குர்ஆன் 49ஆம் அத்தியாயம் விலக்கிய செயல்களுள் ஒன்று. மகளின் கடிதத்தைத் திறக்கும் கைக்கும், நண்பனின் கைப்பேசியை நோக்கும் கண்ணுக்கும் இது பொருந்தும். இளையோர்க்கு மட்டுமன்றி மூத்தோர்க்கும் உரிய பாடம் இது.

மறைப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. அதனைக் கூறுவது அறத்தொடு நிற்றல் என்னும் துறை. அன்பை மறைத்த பிள்ளைகள் உரிய வேளையில் உரியவரிடம் அதனை வெளிப்படுத்தவும், வெளிப்படுத்துங்கால் செவிசாய்க்கும் பெற்றோராக மூத்தோர் இருக்கவும் அத்துறை வழிகாட்டுகிறது. தமிழில் எழுதப்படும் இளையோர் நாவலுக்கு இதனினும் தக்க முடிவு வேறு யாது?

நிறைவுரை

நம் வீடுகளில் மற்றொரு மறைமொழி உறங்குகிறது. தமிழை அரபு எழுத்தால் எழுதிய அரபுத்தமிழே அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் புள்ளி கூட்டி நம் முன்னோர் அதனை அமைத்தனர். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலும் ஈழத்திலும் மார்க்க நூல்களும் பாடல்களும் அவ்வெழுத்தில் மிகுந்தன. பெண்டிர் பலர் அதில் கடிதம் எழுதினர். அவர்கள் எதனையும் மறைக்க எழுதவில்லை. பேரப்பிள்ளைகளாகிய நாம் படிக்க மறந்தமையால் அது மறைமொழியாயிற்று. பாட்டியின் பெட்டியில் கிடைத்த அரபுத்தமிழ் ஏடு ஒன்றை இரு மாணவர் சேர்ந்து படித்தறிவதே ஒரு நாவலுக்குப் போதிய கரு.

ஆதலால் மூத்தோர்க்கு ஒரு வேண்டுகோள்: வீடு ஒழுங்குசெய்யும்பொழுது அத்தகைய ஏடுகளைப் பழைய தாளோடு கழித்துவிடாதீர். மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: அவ்வெழுத்தை அறிந்தோர் இருக்கும்பொழுதே கற்றுக்கொள்ளுங்கள். மாங்குளத்துக் கல் 83 ஆண்டுகள் பொறுத்திருந்தது. தாள் அவ்வளவு காலம் பொறுக்காது.